டேவ் யாருக்குச் சொந்தம்? எட்ஜ்ஃபீல்டு ஜாடிகளை இன்றைய மண்கலையோடு சேர்த்து வைத்த கதை

1840 ஜூலை 31. அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டு என்ற பகுதி. சக்கரத்திலிருந்து இறக்கிய ஒரு ஜாடி, முழுசாகக் காயாமல், விரல் வைத்தால் பதியாத ஆனால் ஆணி வைத்தால் கீறும் பதத்தில் நிற்கிறது. அதன் தோளில் ஒருவர் இரண்டு வரி எழுதுகிறார்: டேவ் மிஸ்டர் மைல்ஸுக்குச் சொந்தம், அடுப்பு வேகிறதும் பானை கொதிக்கிறதும் அங்கேதான். ஆங்கிலத்தில் வரி முடிவில் மைல்ஸ், பைல்ஸ் என்று ஓசை ஒத்துப்போகும். கொதிப்பதற்கு 'பாய்ல்ஸ்' என்றுதான் எழுத வேண்டும், ஆனால் அந்த ஊர் வாயில் அது 'பைல்ஸ்', அவரும் வாயில் வந்தபடியே கீறிவிட்டார்.

டேவ் என்பது எழுதியவரின் பெயர், அடிமையாக இருந்த குயவர். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார், ஆனால் யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல. சொந்தம் என்ற சொல்லை அவர் எந்த மனநிலையில் எழுதினார், கிண்டலா, சலிப்பா, வெறும் விலாசம் மாதிரியா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு அந்த வரியில் பிடித்ததே அது பிடி கொடுக்காததுதான். இவரைப் போன்றவர்கள் செய்த ஜாடிகளை இன்றைய கலைஞர்களின் மண்கலைப் படைப்புகளோடு ஒரே கூடத்தில் வைத்து 2022இல் ஒரு கண்காட்சி தொடங்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தியது, பெயர் 'ஹியர் மீ நவ்', அதாவது இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தக் கண்காட்சியை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, இப்படிச் சேர்த்து வைத்ததில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை, அதற்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சேர்த்து வைத்தது நல்ல காரியம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் டேவ் 1840இல் கிளப்பிய சொந்தம் என்ற விஷயத்தைக் கண்ணாடிப் பெட்டியாலும் விளக்கப் பலகையாலும் தீர்க்க முடியவில்லை. அதற்குப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது.

மண், சாம்பல், சூளை

டேவ் முதன்முதலில் காகிதத்தில் வருவது 1818இல், ஓர் அடமானப் பத்திரத்தில். சுமார் 17 வயதுப் பையன், இந்த நாட்டில் பிறந்தவன் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் அவரும் ஒரு உருப்படி. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் அவர் 1800, 1801 வாக்கில் பிறந்திருப்பார் என்கிறோம். ஹார்வி டிரேக், லாண்ட்ரம் குடும்பத்தார், அப்புறம் லூயிஸ் மைல்ஸ் என்று கை மாறிக்கொண்டே இருந்தார். ஒருவருக்கொருவர் உறவோ சம்பந்தமோ உள்ள, மண்பாண்டத் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பங்கள் அவை. பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட டேவிட் டிரேக் என்ற பெயரின் பின்பாதி கூட ஒரு பழைய முதலாளியின் குடும்பப் பெயர்தான்.

தொழிற்சாலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். திண்ணையோரம் சக்கரம் சுற்றும் குடிசைத் தொழிலாக இதைக் கற்பனை செய்துகொண்டால் முழுக்கத் தப்பாகிவிடும். எட்ஜ்ஃபீல்டில் பாட்டர்ஸ்வில் என்று ஒரு குடியிருப்பு, பெயரிலேயே குயவர் ஊர். அங்கே 2011இல் அகழாய்வு செய்தபோது, சின்னச் சூளை ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 105 அடி நீளச் சூளையின் அடித்தளம் கிடைத்தது. 105 அடி என்றால் மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தியது போல. அதை நிரப்ப எத்தனை பாண்டம் வேண்டும், எரிக்க எவ்வளவு விறகு வேண்டும், யார் மண் வெட்டியது, யார் மிதித்தது, யார் இரவெல்லாம் தீ பார்த்தது? பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளும். சக்கரத்தில் உட்காருபவர் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே.

இந்தப் பாண்டங்கள் நம் வீட்டுச் செம்மண் பானை போன்றவை அல்ல, பழைய ஊறுகாய் ஜாடி ஜாதி. அதிக வெப்பத்தில் கல் போல இறுகச் சுட்டு, மேலே கண்ணாடி மாதிரிப் பூச்சு ஓடவிட்டது. அந்தப் பூச்சுதான் எட்ஜ்ஃபீல்டின் பெருமை. விறகுச் சாம்பலோ சுண்ணாம்போ எடுத்து, களிமண்ணும் மணலும் சேர்த்து, தண்ணீரில் கரைத்து, பாண்டத்தை முக்கி எடுத்துச் சூளையில் வைத்தால், சூட்டில் அது உருகிப் பச்சையும் பழுப்புமாக வழிந்து நிற்கும். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஈயப் பூச்சு உணவில் கலந்து நஞ்சாகும் என்ற பயம் இருந்ததால், இதற்கு நல்ல சந்தை. கிழக்காசியாவில் ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருந்த உத்தி இது, அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்ஜ்ஃபீல்டில்தான் தலைகாட்டியது.

ஜாடி எதற்கு? இறைச்சிக்கு. பன்றி, மாடு வெட்டி உப்பிட்டு மாதக்கணக்கில் வைப்பதற்கு, பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றி வைப்பதற்கு. பருத்தித் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்குப் படி அளக்க வேண்டும், அதற்குச் சின்னப் பாத்திரம் போதாது. 1859 மே 13 தேதியிட்ட ஜாடி ஒன்று சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 40 காலன், நம் கணக்கில் 150 லிட்டர். அதில் டேவ் பெயரோடு பாட்லர் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது, ஏனென்றால் அந்த அளவு ஜாடியை ஒற்றை ஆளால் ஏற்றி இறக்க முடியாது. அடிப்பாகத்தைச் சக்கரத்தில் வனைந்து, மேலே மண்ணைக் கயிறு மாதிரி உருட்டிச் சுற்றுச்சுற்றாக அடுக்கி, மறுபடி சக்கரத்தைச் சுற்றிச் சுவரை இழைத்துக் கொண்டுபோவார்கள். டேவுக்கு ஒரு கால் கிடையாது என்றும், கையில்லாத ஹென்றி சிம்கின்ஸ் என்பவர் அவருக்குச் சக்கரம் சுற்றிக் கொடுத்தார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதையாகவே அதை வைத்துக்கொள்ளலாம். பாட்லர் பெயர் களிமண்ணில் இருக்கிறது, அதற்குக் கதை தேவையில்லை.

இரண்டு வரி

தேதியோடு கிடைத்துள்ள அவருடைய முதல் கவிதை 1834 ஜூலை 12. இடையில் இருக்கும் இடமெல்லாம் அடை, இந்த ஜாடி நிச்சயம் 14 பிடிக்கும். 14 காலன். பார்த்தால் விளம்பர வாசகம் போலத்தான் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தென் கரோலினா சட்டமன்றம் அடிமைகளுக்குப் படிக்கவோ எழுதவோ கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. கற்றுக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் 100 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும், அடிமைத்தளை இல்லாத கறுப்பினத்தவர் என்றால் 50 சவுக்கடி வரை. எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு 1740லேயே தடை இருந்தது, 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் நடந்த கலகத்துக்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம் அது. ஆக டேவ் எழுதியது தெரியாமல் செய்த காரியம் இல்லை. அதுவும் ஒளித்து வைக்கும் காகிதத்தில் எழுதவில்லை, சந்தைக்குப் போகிற, பண்ணை வீட்டு முற்றத்தில் நிற்கப்போகிற, வெள்ளைக்கார முதலாளி படிக்கப்போகிற ஜாடியின் தோளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். சுட்ட மண்ணில் விழுந்த எழுத்து அழியாது. உடைத்தாலும் ஓட்டில் இருக்கும்.

இரண்டு வரி என்றதும் நமக்குக் குறள் ஞாபகம் வரும். ஆனால் நம் மரபில் எதுகையும் மோனையும் வரியின் முன்பக்கத்தில் நின்று வேலை செய்யும், டேவுக்கு எல்லாம் வரியின் கடைசியில். நம் யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர். கேஷ், ட்ராஷ். ரிலேஷன், நேஷன். இந்த இயைபு போய்விட்டால் கவிதையில் பாதி போய்விடுகிறது, அதனால் நான் இங்கே தருவதெல்லாம் பொருள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1840 ஆகஸ்டில் ஒரு ஜாடியில் அன்புப் பெண்ணே எனக்கொரு முத்தம் கொடு என்கிற ரீதியில் ஒன்று எழுதியிருக்கிறார். அதற்கு அப்புறம் 1857 வரை, நம் கைக்கு வந்த ஜாடிகளில் கவிதை ஏறக்குறைய வற்றிப்போகிறது. ஏன் என்று பலவிதமாகச் சொல்கிறார்கள், யார் சொல்வதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. திரும்பி வரும்போது 1857 ஆகஸ்ட் 16 அன்று எழுதியது இது:

என் உறவெல்லாம் எங்கே என்று யோசிக்கிறேன்
எல்லாருக்கும், எல்லா இனத்தாருக்கும், நட்பு

இதை அந்த வருஷத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷம்தான் அதே எட்ஜ்ஃபீல்டைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை செனட் சபைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தி, ஊரில் நாயகன் ஆனார். 1857 மார்ச்சில் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து மாதம் கழித்து ஒரு மனிதர் இறைச்சி ஜாடியில் தன் உறவுக்காரர்கள் எங்கே என்று கேட்கிறார். 1830களில் அவரை வைத்திருந்த முதலாளி குடும்பத்தில் ஒரு பகுதி லூசியானாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தங்கள் அடிமைகளையும் கூட்டிப் போனார்கள், அவர்களில் டேவுக்கு நெருங்கியவர்களும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் சரியோ தப்போ, கேள்வி ஜாடியில் இருக்கிறது. அடுத்த அடியிலேயே எல்லா இனத்தாருக்கும் நட்பு என்று வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. இயைபு தேடி வந்து விழுந்த சொல்லாகக்கூட இருக்கலாம், அப்படியென்றாலும் வேறு சொல் தேடாமல் அதையே விட்டிருக்கிறார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 22இல் அடுத்தது: இந்த ஜாடியைக் காசுக்காகச் செய்தேன், அதைக் குப்பைச் செல்வம் என்கிறார்கள் என்றாலும். இந்த ஜாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

1862க்கு அப்புறம் கவிதை இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபின், 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டேவிட் டிரேக், தொழில் பாண்டம் வனைதல் என்று ஒரு பதிவு. 1880 கணக்கில் அவர் இல்லை.

ஒரே கூடத்தில்

சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் 1919இல் ஒரு டேவ் ஜாடியை வாங்கியது. அப்போது முதல் உள்ளூர் ஆர்வலர்கள், சேகரிப்பாளர்கள் என்று கதை மெல்ல நகர்ந்தது. 1998இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மெக்கிஸ்ஸிக் அருங்காட்சியகம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதுவரைக்கும் இவை நாட்டுப்புறக் கைவினை, தெற்கத்திய மண்பாண்டம் என்ற அலமாரியில் இருந்தவை. இன்றைய கலைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் அலமாரி மாறியது.

அந்தக் கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ். சிகாகோக்காரர், நகரத் திட்டமிடலோடு மண்பாண்டமும் படித்தவர், ஜப்பானின் தோகோனாமேயில் போய் வேலை கற்றவர். 2007இல் அவர் ஒரு காரியம் செய்தார்: ஷோஜி யமாகுச்சி என்று ஒரு ஜப்பானியக் குயவரை, ஆளே இல்லாமல், கற்பனையாக உருவாக்கி, அவருக்கொரு வாழ்க்கை வரலாறும் எழுதி, அவரோடு சம்பந்தப்பட்டது என்று தன் தட்டுகளைக் காட்சிக்கு வைத்தார். ஜப்பானியப் பெயர் ஒட்டியதும் அதே மண்ணுக்கு மரியாதை கூடியது. பெயர் இல்லாமல் போன குயவர்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் குறும்பு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, இல்லாத ஒரு பெயருக்குக் கிடைத்ததுகூட இருந்த ஆட்களுக்குக் கிடைக்கவில்லை.

2010இல் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தில், சிப்ஸ்டோன் அறக்கட்டளையோடு சேர்ந்து, கேட்ஸ் டேவை மையமாக வைத்து ஒரு காட்சி அமைத்தார். டேவின் ஜாடி ஒன்று நடுவில், சுற்றிலும் கேட்ஸின் பாண்டங்கள், அதோடு கறுப்பினத் தேவாலயங்களின் கோஸ்பல் பாணியில் பாடும் ஒரு பெரிய பாடகர் குழு டேவின் வரிகளைப் பாடியது. இரண்டு வரியை நூற்றுக்கணக்கான வாய்கள் சேர்ந்து பாடினால் அது இன்னொன்றாகிவிடும். சேர்த்து வைப்பது என்றால் பக்கத்தில் இன்னொரு பானையை நிறுத்துவது மட்டும் இல்லை என்று இந்தத் துறைக்குக் காட்டியது அதுதான் என்பேன். அந்தக் காட்சியில் சிப்ஸ்டோன் தரப்பில் கேட்ஸோடு வேலை செய்தவர் ஈதன் லாசர். அவர்தான் பிறகு பாஸ்டனுக்குப் போய், மெட்ரோபாலிட்டனின் ஏட்ரியன் ஸ்பினோசியோடும் மிச்சிகன் பல்கலைக்கழக வரலாற்றாளர் ஜேசன் யங்கோடும் சேர்ந்து 'ஹியர் மீ நவ்' தொகுத்தார்.

2022 செப்டம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை நியூயார்க், அப்புறம் பாஸ்டன், அப்புறம் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம், 2024இல் அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகம். எட்ஜ்ஃபீல்டு ஜாடிகளோடு கேட்ஸ், சிமோன் லீ, அடெபுன்மி பாடெபோ, வூடி டி ஒத்தெல்லோ, ராபர்ட் புரூயிட் ஆகிய ஐந்து இன்றைய கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள். நான் நேரில் போனவன் இல்லை, படங்களையும் வெளியான விவரங்களையும் வைத்துச் சொல்கிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பவற்றில் எனக்குப் பலமானது பாடெபோவின் படைப்பு. அவருடைய தாய்வழி முன்னோர் தென் கரோலினாவின் ஃபோர்ட் மாட் பகுதியில் ட்ரூ ப்ளூ என்ற தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த நிலத்துக்கே போய் மண் எடுத்து, அதில் கறுப்பின மக்களின் தலைமுடியையும், அந்த மாநிலத்தில் விளையும் கரோலினா நெல்லின் அரிசியையும் சேர்த்துப் பாண்டம் செய்கிறார். வெடிப்பு விட்டு, கரடுமுரடாக, அழகுக்காக எதையும் மழுப்பாமல் நிற்கும் உருவங்கள். டேவின் மண்ணும் தென் கரோலினா மண், இவருடையதும் தென் கரோலினா மண். டேவின் காலத்தில் அந்த மண்ணை வெட்டியவர்களுக்கு அதில் ஒரு பிடிகூடச் சொந்தமில்லை, இவர் கேட்டு வாங்கி, தோண்டி, எடுத்து வருகிறார். ஓர் உறவைக் காட்ட வடிவத்தைக் காப்பி அடிக்க வேண்டியதில்லை, மண் எங்கிருந்து வந்தது என்று சொன்னாலே போதும்.

சிமோன் லீயின் பெரிய கூஜாவைப் புரிந்துகொள்ள எட்ஜ்ஃபீல்டின் இன்னொரு வகைப் பாண்டத்தைப் பார்க்க வேண்டும், முகக் கூஜா. கைக்கு அடங்கும் சின்னப் பாத்திரத்தில், மண்ணால் மூக்கும் வாயும் பிதுக்கி, கண்ணுக்கும் பல்லுக்கும் மட்டும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைப் பதித்திருப்பார்கள், பச்சைப் பழுப்பு முகத்தில் வெள்ளைக் கண் முழித்துப் பார்க்கும். 1808லேயே அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குவது சட்டவிரோதம் ஆகிவிட்டது, ஆனாலும் 1858 நவம்பரில் வாண்டரர் என்ற கப்பல் 400க்கும் மேற்பட்டவர்களை ஜார்ஜியாவின் ஜெகில் தீவில் திருட்டுத்தனமாக இறக்கியது. காங்கோ ஆற்றுப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் எட்ஜ்ஃபீல்டு வந்து சேர்ந்தார்கள். முகக் கூஜாக்கள் பெருகியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். காங்கோ மக்களின் சடங்கு உருவங்களிலும் வெள்ளைக் களிமண்ணுக்கு இடம் உண்டு என்பதால், இவற்றை வேடிக்கைப் பொருள் என்று சொல்லிவந்த பழைய விளக்கம் இப்போது நிற்பதில்லை.

லீ அந்தக் கூஜாவை எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சோழி வடிவங்களை வைத்திருக்கிறார். சோழி நமக்குத் தாயம் உருட்ட, ஜோசியம் பார்க்க. மேற்கு ஆப்பிரிக்காவில் அது நாணயம், மனிதரை விலைக்கு வாங்கவும் அதே நாணயம்தான். மாலத்தீவில் அள்ளிய சோழியை டச்சுக்காரர்கள் இலங்கைத் துறைமுகங்களில் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். நம் பக்கத்துக் கடல் அந்தக் கணக்கில் இல்லாமல் இல்லை. அதனால் ஒரு முகத்தில் கண்ணுக்குப் பதில் சோழி இருப்பதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது அழகு இல்லை, விலை. ஆனால் ஒரு குறையும் சொல்வேன். லீயின் கூஜா பீடத்துக்காகவே பிறந்தது, விளக்கு வெளிச்சத்தில் நிற்கத் தெரிந்தது. பக்கத்தில் டேவின் ஜாடி அதே பீடத்தில், அதே வெளிச்சத்தில் நிற்கும்போது அதுவும் சிற்பம் போல ஆகிவிடுகிறது. அது சிற்பம் இல்லை. உள்ளே கொழுப்பு இருந்தது, யாரோ தினமும் கையை விட்டு எடுத்தார்கள், பெரும்பாலும் அந்தக் கையும் அடிமையின் கை.

மற்ற இருவரைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. டி ஒத்தெல்லோவின் மண் வேலை தனக்கே உரிய நகைச்சுவையோடு நன்றாக இருக்கிறது, புரூயிட் ஓவியர், இருவரையும் தனியாகப் பார்த்தால் ரசிப்பேன், டேவின் பக்கத்தில் அவர்கள் அவசியம் என்று தோன்றவில்லை. சேர்த்து வைக்கும் கண்காட்சிகளின் பொதுவான சிக்கல் இது. இன்றைய கலைஞருக்கு ஒரு முன்னோர் கிடைக்கிறார், பழைய குயவருக்கு ஒரு வாரிசு கிடைக்கிறது, இரண்டு பேருக்கும் லாபம் என்ற மாதிரி ஒரு வசதியான ஏற்பாடு. ஆனால் இன்றைய கலைஞர் தன் படைப்பை விற்கலாம், விற்காமல் இருக்கலாம், பெயர் வைக்கலாம், திரும்பக் கேட்கலாம். டேவால் அதில் ஒன்றுகூட முடியாது. அந்த வித்தியாசத்தை மறைக்கிற அளவுக்கு அறை அழகாக இருந்துவிடக் கூடாது.

பெயரட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் இந்த ஜாடிகளில் தொழிற்சாலை முதலாளியின் பெயர்தான் முன்னால் நிற்கும். இந்தக் கண்காட்சியில் செய்தவர் தெரியாத பாண்டங்களுக்குப் பெயர் பதிவாகாத குயவர் என்று போட்டார்கள். பெயர் தெரியாதவர் என்பதற்கும் பெயர் பதிவாகாதவர் என்பதற்கும் சின்ன வித்தியாசம்தான், ஆனால் நல்ல வித்தியாசம். பெயர் இருந்தது, எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை. டேவ் ஒருவரே எல்லா வெளிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும் அபாயத்துக்கு இது கொஞ்சம் மருந்து. எழுத்து தெரிந்ததால் அவர் நமக்குக் கிடைத்தார், பாட்லருக்கு டேவ் தன் ஜாடியில் இடம் கொடுத்ததால் அவர் கிடைத்தார், மற்றவர்களில் பலருக்குக் கூஜாவின் முகம் மட்டும்தான் மிச்சம்.

விலையும் பத்திரமும்

கண்காட்சி தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், 2021 ஆகஸ்டில், டேவின் 25 காலன் ஜாடி ஒன்று ஏலத்துக்கு வந்தது. 1858 ஏப்ரல் 12 தேதியிட்டது, நான்கு கைப்பிடி உள்ள மிகப் பெரிய ஜாடி, புது இறைச்சியால் நிரப்பு, அப்புறம் மெழுகுவர்த்தி ஏற்று என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. ஆர்கன்சாவில் உள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் அதை 15.6 லட்சம் டாலருக்கு வாங்கியது. அமெரிக்க மண்பாண்டத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. விற்றவருக்குப் பணம் போனது, ஏலக்காரருக்குக் கமிஷன் போனது. டேவின் குடும்பம்? குடும்பம் என்று ஒன்று இருக்கிறதா என்றே ரொம்ப காலம் யாரும் தேடவில்லை. என் உறவெல்லாம் எங்கே என்று அவர் எழுதியதைப் பலரும் பாடலாக, தலைப்பாக, மேற்கோளாக எடுத்துக்கொண்டார்கள், அதை நேரடியான கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் தேடப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். தேடியபோது ஆட்கள் கிடைத்தார்கள். அவருடைய வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

2025 இறுதியில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்னிடம் இருந்த, 1857இல் செய்யப்பட்ட டேவின் இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுப்பதாக. நாஜிகள் பறித்த ஓவியங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் நெறிகளைத்தான் இங்கேயும் பொருத்திப் பார்த்தார்கள். அருங்காட்சியகம் யாரிடமிருந்தும் திருடவில்லை, சந்தையில் முறைப்படி வாங்கியதுதான். ஆனால் அந்தச் சந்தையின் முதல் படியிலேயே, ஜாடி சூளையிலிருந்து இறங்கிய அன்றே, செய்தவருக்குத் தன் படைப்பின்மேல் எந்த உரிமையும் இல்லாமல், கூலியும் இல்லாமல் அது கைமாறிவிட்டது. முதல் கைமாற்றமே பறிப்பு என்றால் அதற்குப் பின்னால் வந்த ரசீதுகளுக்கு என்ன மதிப்பு?

இந்த வாதத்தை எதிர்ப்பவர்களும் இருப்பார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு: அப்படிப் பார்த்தால் அடிமைகள் கட்டிய வீடு, நெய்த துணி, செய்த மேசை எல்லாவற்றுக்கும் இதே கேள்வி வருமே, எங்கே நிறுத்துவது? என் பதில், எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் எங்கேயும் தொடங்காமல் இருப்பதைவிட, கையெழுத்தும் தேதியும் உள்ள ஒரு ஜாடியில் தொடங்குவது மேல். டேவ் கையெழுத்துப் போட்டது வீண் போகவில்லை என்று ஆயிற்று. அதேசமயம் கையெழுத்துப் போடத் தெரியாத பாட்லர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வழியில் எதுவும் வராது என்பதும் நிஜம், அதை இந்த ஒப்பந்தம் தொடவில்லை.

இப்போது இரண்டு ஜாடிகளில் ஒன்று வாரிசுகளின் சொத்தாக, இரவல் அடிப்படையில் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது, குறைந்தது இரண்டு வருஷத்துக்கு. மற்றொன்றை வாரிசுகளிடமிருந்தே அருங்காட்சியகம் மறுபடியும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது, எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. 1997இல் ஒருமுறை வாங்கிய அதே ஜாடி. அதன் தோளில் 1857 ஆகஸ்ட் 22 என்று தேதி இருக்கிறது, பக்கத்தில் இரண்டு வரி: இந்த ஜாடியைக் காசுக்காகச் செய்தேன், அதைக் குப்பைச் செல்வம் என்கிறார்கள் என்றாலும். காசு வீட்டுக்கு வந்து சேர 168 வருஷம் ஆனது.